அம்பா என்றால் எந்தப் பாட்டு?

யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையில் வயது முதிர்ந்த கடற்றொழிலாளர் ஒருவரிடம் ‘அம்பா’ என்று சொன்னால் போதும். அது எந்தப் பாட்டு என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஊரில் படிக்கிற பிள்ளையைக் கேட்டால், பாடசாலை விழாவில் நீலத்துணியைக் கடலாக விரித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘ஏலேலோ ஐலசா’ என்று ஆடிப் பாடுவதைச் சொல்லும். இரண்டும் பிழையான பதில்கள் அல்ல. ஆனால் முதலாமவர் ஒரு வேலையைச் சொல்கிறார், இரண்டாமவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். சொல் மாறாமல் இருக்க, பொருள் மெல்ல இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் பாட்டு வரிகள் புத்தகங்களில் பத்திரமாக இருக்கும், அம்பா இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அம்பா என்பது பலர் ஒரே கணத்தில் பலம் கொடுக்க வேண்டிய கடல்வேலையில் பாடப்படுவது. கரைவலை இழுக்கும்போது, வள்ளத்தை மணலில் ஏற்றி இறக்கும்போது, தண்டு என்னும் துடுப்பு வலிக்கும்போது, பாய்க்கப்பலில் பாய் ஏற்றும்போது, நங்கூரம் தூக்கும்போது அது எழும். ஒருவர் அடி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுச் சொல்வார்கள். ஏற்றுச் சொல்லும் இடத்தில்தான் இழுவை விழும். ஆகவே மீனவர் பாடுகிற பாட்டெல்லாம் அம்பா ஆகாது. அவர்கள் வீட்டில் தாலாட்டு உண்டு, ஒப்பாரி உண்டு. குருநகர், பாஷையூர், நாவாந்துறைப் பக்கம் நாட்டுக்கூத்துப் பாட்டு தெரியாத வீடு குறைவு. நிழலில் இருந்து வலையைச் சீர்செய்யும்போது ஒருவர் தமக்குள்ளே பாடிக்கொள்வதும் உண்டு. கடலும் அலையும் மீனும் அந்தப் பாட்டில் நிறைந்திருந்தாலும் அதை அம்பா என்று சொல்வதற்கில்லை. மறுபக்கம், கடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பாட்டு, மாமியாரைக் கிண்டல் செய்கிற பாட்டு, கயிற்றோடு சேர்ந்தால் அம்பா ஆகிவிடும். பாடுபொருளை வைத்துப் பாட்டுக்குப் பெயர் வைத்துப் பழகிய நமக்கு இதுதான் பிடிபடாத இடம்.

கரைவலை இழுப்பை ஒருமுறை முழுதாகப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பருத்தித்துறைக்குத் தெற்கே செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, கட்டைக்காடு என்று நீளும் வடமராட்சி கிழக்குக் கரை இதற்கு வாய்ப்பான கரை. கல்லும் கடலடிப் பாறையும் குறைந்த, நீண்ட மணற்கரை. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கக் கடல் அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று பிறந்துவிட்டால் அலை எழும்பி வலை போட விடாது. அந்தந்தக் காலத்துக்குச் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் கரையில் வாடி என்னும் தற்காலிகக் குடிசை அமைத்து, ஆள் சேர்த்து, தொழிலைத் தொடங்குவார்கள். கிடைக்கிற மீனில் வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு இருக்கும்.

வலையை ஏற்றிய வள்ளம் ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போகும். கயிற்றை இறக்கிக்கொண்டே போய், வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுகயிற்றின் நுனியோடு எட்ட வேறோர் இடத்தில் கரை தொடும். வலையின் நடுவில் மீன் வந்து சேர்கிற மடி. மடிக்கு இரண்டு பக்கமும் நீண்ட சிறகுகள். சிறகுகளின் நுனியிலிருந்து கரைவரை பெருங்கயிறு. ஆள்கள் இரண்டு கூட்டமாகப் பிரிவார்கள். ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு பட்டையைப் போட்டு, அதிலிருந்து வரும் சிறுகயிற்றைப் பெருங்கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் பின்னே சாய்த்து, குதிகாலை மணலில் புதைத்துப் பின்புறமாக மேடேறுவார்கள். வரிசையின் கடைசி ஆள் கயிறு சுருட்டுகிற இடத்தை அடைந்ததும் சுற்றை அவிழ்த்துக்கொண்டு நீர்விளிம்புக்கு ஓடி, வரிசையின் முதல் ஆளாகச் சேர்ந்துகொள்வார். நிற்காத சங்கிலி அது. ஓர் இழுப்பு மணிக்கணக்கில் போகும், அதுவும் வெயிலில்.

இங்கே பாட்டு என்ன செய்கிறது? முதலாவது, கால்களை ஒன்றாக வைக்கிறது. பத்துப் பேர் பத்து நேரத்தில் இழுத்தால் ஒருவர் கொடுத்த பலத்தை மற்றவர் தளர்வு தின்றுவிடும். இரண்டாவது, இரண்டு கூட்டத்தையும் ஒரு வேகத்தில் வைக்கிறது. ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் வலை கோணிக்கொள்ளும், மடி சரியும், உள்ளே வந்த மீன் வந்த வழியே போய்விடும். எட்ட நிற்கிற கூட்டத்தின் காலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இழுக்க முடியாது, அவர்கள் குரலைக் காதால் கேட்டுக்கொண்டே இழுக்கலாம். மூன்றாவது, அலையோடு கணக்குப் பார்க்கிறது. அலை கரைக்கு வரும்போது வலை இலகுவாக வரும், அலை திரும்பும்போது பின்னே இழுக்கும். நல்ல அம்பாக்காரர் அலை திரும்புகிற நேரத்தில் அடியை நீட்டிப் பிடித்து, அலை வருகிற நேரத்தில் கூட்டத்தை இழுவையில் விடுவார். கடற்கரையில் நின்று கேட்டால் அவர் குரலை நீட்டுவது இராகத்துக்காக என்று தோன்றும். கயிற்றில் நிற்பவருக்குத்தான் காரணம் தெரியும்.

இழுப்பு முழுவதும் ஒரே பாட்டு அல்ல. தொடக்கத்தில் கயிறு மட்டுமே வருகிறபோது நடை நிதானமாக இருக்கும், அடி நீளமாக இருக்கும். அமைப்பைக் காட்டுவதற்காக நானே கட்டிய மாதிரி அடிகள் இவை:

மேற்கே இருண்டதடா — ஏலேலோ
மேகம் திரண்டதடா — ஏலேலோ
கையோடு கைகொடடா — ஏலேலோ
கயிறு தளர்ந்ததடா — ஏலேலோ

சிறகு கரைக்கு வந்து, மடி கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் இந்த நடை உதவாது. மீன் கலவரப்படும், துள்ளும், இடைவெளி தேடும். அடிக்கயிறு நிலத்தைவிட்டு எழும்பக் கூடாது. இனி வேகம்தான் வேண்டும். அடி பாதியாகக் குறுகிவிடும்:

மடியைப் பார் — ஐலசா
வளைத்துப் பிடி — ஐலசா
விடாதே பிடி — ஐலசா

‘ஏலேலோ’வும் ‘ஐலசா’வும் பொருளற்ற ஓசைகள் என்று எழுதுவது வழக்கம். அகராதிப் பொருள் இல்லை என்பது சரி. தொழிற்பொருள் நன்றாகவே இருக்கிறது. ‘ஏலேலோ’ முழுக்க நெடில். வாயைத் திறந்து மூச்சை மெல்ல விட்டபடி தொடர்ந்து நடப்பதற்கு ஏற்ற ஒலி. ‘ஐலசா’வில் ‘ஐ’யில் நீண்டு, ‘லசா’வில் மூச்சு வெடித்து வெளியேறும், பலம் முழுவதும் அந்த இடத்தில் இறங்கும். பாரம் தூக்குகிறவர் மூச்சை அடக்காமல் விட்டபடி தூக்குவதே உடம்புக்கு நல்லது என்று இன்றைக்கு உடற்பயிற்சி ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதைக் கரையில் ஓசை சொல்லிக்கொடுத்தது. நல்லூர்த் தேர் வடத்தில் கை வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘அரோகரா’ என்ற ஒலி எழுந்து அடங்கும் கணத்தில்தான் சில்லு அசையும்.

முதலடி பெரும்பாலும் தெய்வத்துக்கு. சைவ ஊரில் பிள்ளையாரும் செல்வச்சந்நிதி முருகனும் வல்லிபுர ஆழ்வாரும் வருவார்கள், கத்தோலிக்க ஊரில் மாதாவும் அந்தோனியாரும் வருவார்கள். ஓசையும் இழுவையும் ஒன்றாக இருக்க, பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதன்பின் பாட்டு எங்கே போகும் என்பது அடி எடுப்பவரின் கையில் இருக்கிறது. காற்று, காலநிலை, பிடிபட்ட மீன், பிடிபடாத மீன், பங்கில் பிடித்த காசு, நேற்றைய சோற்றின் ருசி, வரிசையில் சோம்பி நிற்கிற ஆள் என்று எல்லாம் வரும். சம்மாட்டியாரைப் பற்றி நேரில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லிவிடலாம். கயிறு நகர்கிறவரை அவர் கோபிக்க மாட்டார், ஏனென்றால் கயிறு நகர்வது அவருக்கும் வேண்டும். இது ஒரு சிறு சுதந்திரம். அந்தக் கரையில் வேறு எங்கும் கிடைக்காத சுதந்திரம்.

பச்சையான அடிகளும் உண்டு. களைப்பு கூடும்போது சிரிப்புத்தான் மருந்து, சிரிப்புக்கு அந்த அடிகள்தான் குறுக்குவழி. அச்சுக்கு வரும்போது இவை முதலில் உதிர்ந்தன. ஈழத்தில் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த முன்னோடிகளுள் வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் முக்கியமானவர். அவரைப் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து எழுதிவைத்திராவிட்டால் இன்று நமக்கு வரிகள்கூட மிஞ்சியிருக்காது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தொகுப்பு என்ற வடிவத்துக்கே ஒரு இயல்பு உண்டு. பாடம் புத்தகத்துக்கு வரும், எந்தக் கட்டத்தில் எந்த அடி, எந்த எழுத்தில் இழுவை, எங்கே கை மாறியது என்பவை கரையிலேயே நின்றுவிடும். கூசுகிற அடிகளும் அங்கேயே நின்றுவிடும்.

இதே சிக்கல் ஆங்கிலத்திலும் இருந்தது. அதைச் சற்று விரித்துச் சொன்னால் நம்முடைய சொல் தெளிவாகும்.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நேதன் எவன்ஸ் என்ற இளைஞர் டிக்டாக்கில் பாடிய ‘வெல்லர்மேன்’ உலகம் சுற்றியது. ஒருவர் குரலோடு இன்னொருவர் குரல் சேர, ஊரடங்கில் தனித்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு கப்பலில் ஏறிக்கொண்டார்கள். அப்போதுதான் ‘ஷான்டி’ என்ற சொல் நம்முடைய இளையவர்கள் காதிலும் விழுந்தது. ஷான்டி என்பது பாய்க்கப்பல் காலத்து மாலுமிகளின் வேலைப்பாட்டு. ஆனால் வெல்லர்மேன், கறாராகப் பார்த்தால், ஷான்டி அல்ல. அது நியூசிலாந்தின் திமிங்கில வேட்டையைப் பற்றிய கதைப்பாட்டு. குறிப்பிட்ட எந்தக் கயிற்று வேலைக்கும் கட்டப்பட்டதல்ல. வேலை முடிந்து மாலையில் முன்தளத்தில் கூடியிருந்து பாடுகிற பாட்டுகளுக்கு மாலுமிகள் வேறு பெயரே வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் பாட்டில் கடல் இருப்பது முக்கியமாக இல்லை, கையில் கயிறு இருப்பதுதான் முக்கியமாக இருந்தது. ஓய்வு நேரத்தில் ஷான்டி பாடுவதைப் பல பழைய மாலுமிகள் விரும்பவில்லை.

அந்தச் சொல் அச்சில் வரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். பாட்டு அதற்கு முந்தியது. 1834 முதல் 1836 வரை பாஸ்டனிலிருந்து கலிபோர்னியாக் கரைக்குப் போய்வந்த ரிச்சர்ட் ஹென்றி டானா, 1840இல் வெளியிட்ட பயண நூலில் மாலுமிகள் நங்கூரம் தூக்கும்போதும் கயிறு இழுக்கும்போதும் பாடியதை எழுதுகிறார். பாட்டில்லாமல் வேலை நகரவில்லை என்கிற அளவுக்கு எழுதுகிறார். ஆனால் ஷான்டி என்ற பெயர் அவரிடம் இல்லை. பெயரின் வேர் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. பாடு என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலரின் கருத்து. மரம் வெட்டுவோர் தங்கிய குடிசையைக் குறித்த இன்னொரு ‘ஷான்டி’யோடு முடிச்சுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேரைவிட விளைநிலம் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் தென்கரையில் மொபைல், நியூ ஓர்லியன்ஸ் துறைமுகங்களில் பஞ்சுப் பொதிகளைக் கப்பலின் வயிற்றுக்குள் திருகுதாங்கியால் நெருக்கி அடைத்த தொழிலாளர்களின் பாட்டு, குறிப்பாகக் கறுப்பினத் தொழிலாளர்களின் அழைப்பும் பதிலுமான பாட்டுமுறை, ஷான்டியின் உடம்பில் ஆழமாகக் கலந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் ஷான்டியை வெறும் ஆங்கிலேயச் சொத்தாகக் காட்டுவது நியாயமல்ல.

யார் பாடினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. பிரித்தானிய அரச கடற்படைக் கப்பல்களில் வேலையின்போது பாட விடுவதில்லை. அங்கே சீழ்க்கைக் குழலின் கட்டளைக்கும் வயலினின் தாளத்துக்கும் வேலை நடந்தது. போர்க்கப்பலில் ஆள் நிறைய இருந்தார்கள். வணிகக் கப்பல் முதலாளி செலவைக் குறைக்க ஆளைக் குறைத்தார். குறைந்த ஆளைக்கொண்டு அதே பாரத்தைத் தூக்க வேண்டியிருந்தபோது பாட்டு தேவைப்பட்டது. நல்ல பாட்டுக்காரன் பத்து ஆளுக்குச் சமம் என்று மாலுமிகளிடையே ஒரு வழக்கு உண்டு. பெருமைக்குச் சொன்னது போலத் தோன்றினாலும் அது கூலிக் கணக்கும்கூட.

ஷான்டியை அவர்கள் வேலையை வைத்தே வகைப்படுத்தினார்கள். பாய் ஏற்றுகிற கயிற்றுக்கு ஒரு வகை: அடிக்கு இரண்டு இடத்தில் சட்டென்று இழுத்து, இடையில் மூச்சு வாங்கிக்கொள்வது. நங்கூரச் சக்கரத்தைச் சுற்றி நடந்து தள்ளுவதற்கு இன்னொரு வகை: நிறுத்தமில்லாத நடைத் தாளம். நீர் இறைக்கும் பம்புக்குத் தனிவகை. நம்முடைய கரைவலையைப் பார்த்தால் முதல் இரண்டும் ஒரே வேலைக்குள் இருக்கின்றன. கயிறு வருகிறபோது நடைத்தாளம், மடி வருகிறபோது வெட்டி இழுக்கும் தாளம். ‘ஏலேலோ’வும் ‘ஐலசா’வும் இரண்டு வேறு கருவிகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிரித்தானிய வணிகப் பாய்க்கப்பல்களின் கடைசி நாள்களைக் கண்ட ஸ்டான் ஹ்யூகில், 1929இல் உடைந்துபோன ‘கார்த்பூல்’ கப்பலில் அடி எடுத்துப் பாடியவர். பின்னர் 1961இல் மிகப் பெரிய ஷான்டித் தொகுப்பை வெளியிட்டார். அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் அது எந்த வேலைக்கு உரியது, எங்கே இழுவை விழும் என்று எழுதினார். பச்சை அடிகளை மாற்றித்தான் அச்சிட்டார், மாற்றியதை ஒளிக்கவில்லை. கயிறு பிடித்த கையே பேனாவும் பிடித்ததால் வந்த நன்மை அது. ஈழத்தின் அம்பாவுக்கு அப்படி ஒரு கை வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

மற்றக் கடல்களையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். பஹ்ரைனின் முத்துக்குளிப்போர் பாட்டான ஃபிஜிரியை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. முத்துப் படகுகளில் பாடுவதற்கென்றே நஹாம் என்ற பாடகரைச் சம்பளத்துக்கு ஏற்றிப் போனார்கள். வங்காளத்தில் பாட்டியாலி என்பது நீரோட்டத்தின் போக்கில் ஓடம் மிதக்கும்போது படகோட்டி தனியே பாடுவது, அதற்கு அம்பாவோடு உறவில்லை. பலர் சேர்ந்து துடுப்புப் போடும்போது பாடுகிற சாரிப் பாட்டுக்குத்தான் உறவு. கேரளத்தின் வஞ்சிப்பாட்டும் அப்படியே. சிங்களக் கரைவலைக்காரரின் பாட்டிலும் நம் ‘ஏலே’க்கு மிக நெருங்கிய கூட்டொலிகள் கேட்கும். ஒரே கரையில் பருவத்துக்குப் பருவம் வாடி அமைத்துத் தொழில் செய்தவர்களிடையே வலையும் சொல்லும் தாளமும் கைமாறுவதில் வியப்பில்லை.

சரி, ‘அம்பா’ என்ற பெயர் எங்கிருந்து? அம்பாளை விளிக்கும் குரல் என்று சொல்லலாம். ‘அம்பி’ என்றால் பழந்தமிழில் ஓடம். மீனை விற்று நெல்லைக் குவிக்கிற முசிறிக் காட்சியைச் சொல்லும் புறநானூற்றின் 343ஆம் பாடலில் அந்தச் சொல் வருகிறது. அம்பியும் பாவும் சேர்ந்தது அம்பா என்று பிரித்துப் பார்க்க ஆசை வரும். அம்பு என்றால் நீர் என்று வடமொழி வழியாகப் போகவும் இடமுண்டு. ஒலி ஒத்துப்போவது வேருக்குச் சான்றாகாது என்பதால் இவற்றில் ஒன்றையும் நான் தூக்கிப்பிடிக்கப் போவதில்லை. ‘ஏலேலோ’வுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. திருவள்ளுவரின் நண்பரும் கடல் வணிகருமான ஏலேலசிங்கரின் பெயரைத் தொழிலாளர்கள் பாடினார்கள், அது ஏலேலோ ஆயிற்று என்பது கதை. கதை இனிமையானது. ஓசை முதலில் இருந்து, அதற்குப் பொருத்தமாகப் பெயர் பின்னால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எனக்குப் படுகிறது. கயிறு இழுக்கிறவனுக்குப் பெயர் வேண்டாம், மூச்சுக்கு ஏற்ற உயிரொலிதான் வேண்டும்.

வேலையோடு பாட்டைச் சேர்த்துப் பெயரிடுவது தமிழுக்குப் பழக்கமான வழிதான். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் ஏர் பூட்டும்போது பாடும் ஏர்மங்கலமும், களத்தில் பாடும் முகவைப்பாட்டும் வருகின்றன. வாழ்த்துக் காதையில் உலக்கை கொண்டு குற்றும்போது பாடும் வள்ளைப்பாட்டு வருகிறது. வன்னியில் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது பொலி பாடினார்கள். அம்பா அந்த வரிசையில் நிற்கிற சொல். அதே சிலப்பதிகாரத்தில் கடற்கரையில் பாடப்படும் கானல்வரியின் வரிசையில் வைத்தால் தவறிவிடும், கானல்வரியில் கடல் இருக்கிறது, கயிறு இல்லை.

யாழ்ப்பாணத்தில் அம்பா கரையோடு நின்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் ஆந்திரக் கரைக்கும் பர்மாவுக்கும் போய் அரிசியும் மரமும் ஏற்றி வந்தன. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அது 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் போனார்கள். இத்தகைய கப்பலில் பாய் கட்டும் மரமான பருமலையும் பாயையும் ஆஞ்சான் என்னும் ஏற்றுகயிற்றால் மேலே ஏற்றுவது ஓராள் வேலை அல்ல. கப்பல் தலைவரான தண்டையல் கட்டளையிட, ஒருவர் அடி எடுக்க, எல்லாரும் சேர்ந்து இழுத்தாக வேண்டும். குளோஸ்டரும் பாய்க்கப்பல் மாலுமிகளின் ஊர்தான். அங்கே ஷான்டி என்றதை வல்வெட்டித்துறையில் அம்பா என்றார்கள். ஷான்டியைத் தமிழில் எழுத நேர்பவர்கள் ‘கடற்பாட்டு’, ‘மாலுமிப் பாட்டு’ என்று புதிதாகச் செய்கிறார்கள். செய்ய வேண்டியதில்லை. கடற்பாட்டு என்றால் கடலைப் பாடுவது என்று பொருள் திரிந்துவிடும். அம்பா என்றால் வேலையும் சேர்ந்தே வரும்.

வேலை போனது எப்படி என்பது யாழ்ப்பாணத்தில் இரண்டு கதை. ஒன்று எல்லாக் கரைகளுக்கும் பொதுவானது. 1950களிலிருந்து இயந்திரப் படகும் நைலோன் வலையும் வந்தன. தண்டு வலிக்கிற வேலை போயிற்று, பாய் ஏற்றுகிற வேலை போயிற்று. இரண்டோ மூன்றோ பேர் போய்வருகிற படகில் கூட்டுக்குரலுக்கு இடமில்லை, எஞ்சின் சத்தத்தில் தனிக்குரலுக்கும் இடமில்லை. மற்றது எங்களுக்கே உரியது. போர்க்காலத்தில் கடல் மூடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 1990இல் கைவிட்டுப்போய் 2017இல்தான் மக்களிடம் திரும்பியது. ஒரு துறையின் ஆள்கள் இருபத்தேழு ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வெளிநாடுகளிலும் சிதறினால், வலையைப் புதிதாக வாங்கலாம், வரிசையை எங்கே வாங்குவது? யார் முதலடி எடுப்பார், யார் குரலுக்கு யார் கால் வைப்பார் என்பது சேர்ந்து இழுத்த ஆண்டுகளில் விளைந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோது வடமராட்சி கிழக்கு ஊர்கள் வாடிகளையும் வள்ளங்களையும் இழந்தன, அவற்றோடு ஆள்களையும் இழந்தன. அம்பா அழிந்ததற்கு எஞ்சினை மட்டும் குற்றம் சொல்கிற கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இன்று கரைவலை இழுக்க உழவு இயந்திரத்தில் வின்ச் என்னும் கயிறு சுற்றும் பொறியைப் பூட்டுகிறார்கள். மணிக்கணக்கான இழுவையை அது சுருக்கிவிடுகிறது, ஆள் கூலி மிச்சமாகிறது. கடலடி கெடுகிறது, கையால் இழுப்பவர் பிழைப்பு போகிறது என்று கரைகளில் இது சச்சரவாகவும் இருக்கிறது. வெயிலில் இடுப்புப் பட்டையோடு சாய்ந்து நின்று முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களிடம் போய், பாட்டுக்காகக் கையால் இழுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வின்ச் கயிற்றைத்தான் இழுத்துத் தருகிறது. சிறகு கரைக்கு வந்தபின் மடியைக் கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. நடைத்தாளத்துக்கு வேலை போய்விட்டது, குறுந்தாளத்துக்கு இன்னும் கொஞ்சம் வேலை மிச்சம் இருக்கிறது.

பல்கலைக்கழக மாணவர்களும் ஊர் இளைஞர்களும் கைத்தொலைபேசியோடு பெரியவர்களைத் தேடிப் போகிறார்கள். அது மகிழ்ச்சி தருகிறது. போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. பெரியவரைக் கதிரையில் இருத்திப் பாடச் சொன்னால் வரி வரும், இடையில் அவருக்கே அடி தடுமாறும். கயிற்றின் ஒரு நுனியை வேலிக்கட்டையில் கட்டி, மறுநுனியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள், பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து பிடியுங்கள். மறந்த அடி கையிலிருந்து வரும். ஒலியை மட்டும் எடுக்காமல் காலையும் கையையும் படம் எடுங்கள். எந்த எழுத்தில் இழுத்தீர்கள், மூச்சை எங்கே வாங்கினீர்கள், அலை திரும்பும்போது என்ன செய்தீர்கள், மறுபக்கக் கூட்டம் பிந்தினால் பாட்டில் எப்படிச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். யார் அடி எடுத்தார், அவருக்குப் பங்கில் கூடுதலாக ஏதும் கிடைத்ததா என்று கேளுங்கள். ஒரே பாட்டைக் கயிற்றுக்கும் வள்ளம் தள்ளுவதற்கும் பாடினீர்களா, பாடினால் எங்கே மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பெண்பிள்ளைகள் முன்னால் பாட மாட்டேன் என்று அவர் நிறுத்துகிற அடிகளைப் பிறகு தனியே ஓர் ஆளை அனுப்பிக் கேட்டு, அவர் சம்மதித்தால் அப்படியே எழுதிவையுங்கள். பாட்டின் தலைப்பில் ‘மீனவர் பாடல்’ என்று போடாமல், ‘கரைவலை அம்பா, கயிறு வரும்போது’ என்றும், ‘கரைவலை அம்பா, மடி வரும்போது’ என்றும் ஊர்ப் பெயரோடு போடுங்கள். முதலடி தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். சோழகம் தொடங்குகிற மாதத்தில் போனால் அவர்களைக் கரையிலேயே காணலாம்.